திறமூல மென்பொருளில் முதல் பங்களிப்பு: உள்ளே போனவர்கள் சொல்லுங்கள்

நிரல் எழுத ஓரளவு தெரியும். ஆனால் பெரிய திட்டம் ஒன்றின் மூலநிரலைத் திறந்தால் எங்கே கைவைப்பது என்று புரியவில்லை. நீங்கள் எப்படி உள்ளே போனீர்கள்? அறிவுரை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

*

நான் போனது லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் வழியாக. 2010-இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்த திட்டம் என்றாலும், அதன் பூர்வீகம் ஸ்டார் ஆபிஸ் என்ற ஜெர்மானிய மென்பொருள். அதனால் மூலநிரலுக்குள் ஜெர்மன் மொழிக் குறிப்புகள் மண்டிக் கிடந்தன. அவற்றை ஆங்கிலமாக்குவதையே நெடுங்காலம் புதியவர்களுக்கான வேலையாக வைத்திருந்தார்கள். எனக்கு ஜெர்மன் தெரியாது. பக்சில்லா என்ற வழுப்பட்டியலில் ‘ஈஸி ஹேக்’ (எளிய வேலை) என்று குறித்திருந்தவற்றில் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். ஹெடர் கோப்பு (பல நிரல்கோப்புகள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கோப்பு) இருமுறை சேர்ந்துவிடாமல் தடுக்கும் மூன்று வரிகளை நீக்கிவிட்டு, ‘பிராக்மா ஒன்ஸ்’ என்ற ஒரே வரியைப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் அதற்கு முன்பு மொத்த மென்பொருளையும் நம் கணினியில் கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது மூலநிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றியாக வேண்டும். விட்டுவிட்டு ஓடலாமா என்று தோன்றுவது அங்கேதான். என் பழைய மடிக்கணினியில் இரவு ஓடவிட்டுப் படுத்தேன். விடிந்த பிறகும் அதன் விசிறி அலறிக்கொண்டிருந்தது. ஒருமுறை கம்பைல் ஆனதைச் சேமித்து வைக்கும் சிகேஷ் கருவியை நிறுவியிருந்ததால் அடுத்தடுத்த முறை அந்தப் பாடு இல்லை.

திருத்தங்களைப் பிறர் பார்த்துச் சரிசொல்லும் ஜெரிட் தளத்தில் என்னுடையதை ஏற்றியதும் முதலில் பதில் தந்தது ஜென்கின்ஸ் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி. லினக்ஸ், விண்டோஸ், மேக் எல்லாவற்றிலும் அது கம்பைல் செய்து பார்த்துவிடுகிறது. பிறகு வந்த மூத்த உறுப்பினர் நிரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “உரிம அறிக்கை அனுப்பிவிட்டீர்களா?” என்று மட்டும் கேட்டார். இனி நான் தரும் திருத்தங்கள் எல்லாம் எம்பிஎல், எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமங்களின் கீழ் வரும் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். பழைய ஓப்பன் ஆபிஸ் காலத்தில் அதை நடத்திய சன் நிறுவனத்துக்கும் பதிப்புரிமையில் பங்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இங்கே அது எழுதியவரிடமே இருக்கிறது. கோப்புகளில் ஒரு வரி மாற்றியதற்கு இவ்வளவு சடங்கா என்று முதலில் எரிச்சலாக இருந்தது. அடுத்த திருத்தத்துக்கு எந்தச் சடங்கும் தேவைப்படவில்லை.

*

மேலே எழுதியவர் சொன்ன அதே திட்டம்தான், ஆனால் எனக்கு நிரலே எழுத வராது. பக்க வடிவமைப்பு என் தொழில். புதிய பதிப்பு ஒன்றில் தமிழ்ப் பத்தி அமையும் விதம் மாறியிருந்தது. பழைய பதிப்பில் சரியாக இருந்தது. வழுவறிக்கை எழுதினேன். “பைபைசெக்ட் செய்து பார்க்கிறீர்களா?” என்று கேட்டார்கள். எந்த மாற்றத்தால் வழு வந்தது என்று பாதி பாதியாகத் தேடிப் பிடிக்கும் முறை அது.

முன்பே கம்பைல் செய்து வைத்த இடைப்பட்ட பதிப்புகள் எல்லாம் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஒரே களஞ்சியத்தில் வரிசையாக இருக்கின்றன. பல ஜிபி இருக்கும், வீட்டு இணையத்தில் இறக்க வேண்டியதுதான். நடுவிலிருந்து ஒன்றைத் திறந்து, வழு இருந்தால் ‘பேட்’, இல்லாவிட்டால் ‘குட்’ என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் தேட வேண்டியது பாதியாகக் குறைகிறது. ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துப் பதில்களில் குற்றவாளி அகப்பட்டுவிடும்! கிடைத்த எண்ணை அறிக்கையில் போட்டு, அந்த மாற்றத்தை எழுதியவரையும் அதில் சேர்த்துவிட்டேன். எங்கே உடைந்தது என்று தேடும் வேலை அவருக்கு மிச்சம். இதைப் பங்களிப்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

*

நான் போனது லினக்ஸ் கெர்னல், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதி வழியாக. அதன் ‘ஸ்டேஜிங்’ அடைவில் இன்னும் பக்குவப்படாத டிரைவர்கள் இருக்கும். புதியவர்களின் கை அங்கே பழகலாம். திருத்தம் மின்னஞ்சலில், வெற்று உரையாகப் போக வேண்டும். யாருக்கு அனுப்புவது என்பதை ‘கெட் மெயின்டெய்னர்’ என்ற கருவி சொல்லும், நிரல்நடைப் பிழைகளை ‘செக்பேட்ச்’ என்ற கருவி சொல்லும். இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று பெயரிட்டு உறுதி சொல்லும் ‘சைன்ட் ஆஃப் பை’ வரி கட்டாயம். வந்த பதிலில் வணக்கமும் இல்லை, வசையும் இல்லை: ஏன் மாற்றினீர்கள் என்பதை விளக்கி இரண்டாம் வடிவம் அனுப்புங்கள் என்று ஒற்றை வரி. அந்த வறட்சி எனக்குப் பிடித்திருந்தது.

*

மாற்று அனுபவமும் இருக்கட்டும். நான் தேர்ந்த திட்டத்தின் பெயர் வேண்டாம். திருத்தம் அனுப்பினேன், மாதக்கணக்கில் ஒரு சொல் பதில் இல்லை. இப்போதெல்லாம் கைவைப்பதற்கு முன் அண்மைய மாற்றங்களின் பட்டியலைப் பார்க்கிறேன். புதுப் பெயர்கள் தென்பட்டால்தான் வேலையைத் தொடங்குவது.

பராமரிப்பவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. திறமூலத் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்புவோருக்குப் பரிசு தரும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020 அக்டோபரில், டி-ஷர்ட்டுக்காக ‘ரீட்மீ’ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் செருகி அனுப்பியவர்கள் கொஞ்சமா? நிகழ்வு நடக்கும்போதே, விரும்பி இணையும் திட்டங்களுக்கு மட்டும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

*

பைபைசெக்ட் பற்றி எழுதியவருக்கு: என்னிடம் விண்டோஸ்தான் இருக்கிறது. அதில் முடியுமா?

*

முடியும். விண்டோஸுக்கென்று தனிக் களஞ்சியங்கள் இருக்கின்றன. வட்டில் இடம் மட்டும் நிறைய ஒழித்து வையுங்கள்.