‘தச்சுக் குடுத்தா’வும் காரூக் விகுதியும் ஒன்றா?

பொருநைக்கரை:
வகுப்பில் காரூக் மொழி பற்றிக் கட்டுரை வாசிக்கணும். கலிபோர்னியாவின் வடமேற்கே கிளாமத் ஆற்றங்கரை மக்களின் மொழி அது. ‘இன்னாருக்காகச் செய்தான்’ என்பதை வினையில் ஒட்டும் விகுதியே சொல்லிவிடுகிறது. நம்ம ‘சட்டை தச்சுக் குடுத்தா’வில் வரும் ‘குடு’வும் அப்படிப்பட்ட விகுதிதான்னு எழுதலாமா?

தாழையூத்தான்:
எழுதாதீங்க. பொருள் பொருந்தும், அமைப்பு பொருந்தாது. விகுதி என்றால் நடுவே எதையும் நுழைக்க முடியாது. ‘தச்சும் குடுத்தா’, ‘எழுதிக்கூடக் குடுக்கல’ என்று இங்கே தாராளமாக நுழைகிறதே. ஆகவே அது துணைவினை.

ஆனால் எல்லா ‘குடு’வும் துணைவினை இல்லை. ‘காப்பி போட்டுக் குடுத்தா’வில் டம்ளர் கை மாறுகிறது, அது வெறும் ‘கொடு’வாகவும் இருக்கலாம். கையில் தர முடியாத பொருளை வைத்துச் சோதியுங்கள்: ‘கெணத்தைத் தூர் வாரிக் குடுத்தாவ’, ‘முதுகைச் சொறிஞ்சு குடு’. கிணற்றையும் முதுகையும் யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை. ‘அவருக்காக’ என்ற பொருள் மட்டும் மிச்சம். கட்டுரைக்கு இந்த மாதிரி வாக்கியங்களையே எடுங்கள்.

‘காட்டிக் குடு’, ‘விட்டுக் குடு’, ‘சொல்லிக் குடு’ மூன்றையும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அவை தனிச்சொல்லாகவே இறுகிவிட்டன. முதலாவதில் நன்மையே கிடையாது.

மேலவீதி:
அதைவிடப் பெரிய வேறுபாடு, நன்மை பெறுபவர் வாக்கியத்தில் எங்கே உட்காருகிறார் என்பது. தமிழில் ‘குடு’ வந்தாலும் வராவிட்டாலும் அவர் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையிலேயே இருக்கிறார். விகுதி போடும் மொழிகள் பலவற்றில் அவர் செயப்படுபொருளாகவே ஆகிவிடுவார். கிழக்கு ஆப்பிரிக்க மொழியான சுவாகிலியில் இது பளிச்சென்று தெரியும். ‘அனாபிக்கா சக்குலா’ என்றால் உணவு சமைக்கிறாள். ‘அனாம்பிக்கியா ம்தோதோ சக்குலா’ என்றால் குழந்தைக்குச் சமைத்துக் கொடுக்கிறாள். வினைக்குள் நுழைந்த ‘ம்’ குழந்தையைக் குறிக்கிறது, ‘இ’தான் ‘அவருக்காக’ விகுதி. வினையடியில் எ, ஒ இருந்தால் அதே விகுதி ‘எ’ ஆகும்: சோமா (படி), சோமேயா (ஒருவருக்குப் படித்துக் காட்டு).

குழந்தை செயப்படுபொருள் ஆனதால் செயப்பாட்டு வினையில் எழுவாயாகவும் வரும்: ‘ம்தோதோ அலிபிக்கிவா சக்குலா’. இதைத் தமிழில் அப்படியே ‘குழந்தை சமைத்துக் கொடுக்கப்பட்டது’ என்று எழுதிப் பாருங்கள், போலீஸ் வரும்.

காரூக்குக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். அங்கே செய்பவரையும் செயப்படுபவரையும் வினைமுன் ஒட்டும் ஒரே முன்னொட்டு சேர்த்துக் காட்டும். விகுதி ஏறியதும் அந்த முன்னொட்டு யாரைக் காட்டுகிறது, பொருளையா, பயன் பெறுபவரையா? மொழியியலாளர் வில்லியம் பிரைட்டின் 1957ஆம் ஆண்டு காரூக் இலக்கணத்தில் விகுதி உள்ள வினை, இல்லாத வினை என ஜோடி ஜோடியாக எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீங்க.

பொருநைக்கரை:
சரி அண்ணாச்சி, ‘துணைவினை’ன்னே எழுதுறேன். அப்போ ‘எனக்காக’ என்று சொன்னால் போதாதா, ‘குடு’ எதற்கு?

தாழையூத்தான்:
‘எனக்காகக் கையெழுத்துப் போட்டான்’ என்றால் எனக்குப் பதிலாகப் போட்டான் என்றும் ஆகும், என் முகத்துக்காகப் போட்டான் என்றும் ஆகும். ‘எனக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தான்’ என்றால் பயன் எனக்கு என்பது மட்டும் உறுதி.

இன்னொன்று, ‘குடு’ எல்லா வினையோடும் ஒட்டாது. ‘எனக்குத் தூங்கிக் குடுத்தான்’, ‘செத்துக் குடுத்தான்’ எடுபடாது. பயன் இன்னொருவருக்குப் போய்ச் சேரும் செயலாக இருக்கணும். சுவாகிலி விகுதி ‘சாவு’ என்ற வினையிலும் ஏறும், அதன் செயப்பாட்டு வடிவம் ‘ஃபிவா’. கணவனை இழந்தவளை அந்த வினையாலும் சொல்வார்கள். அங்கே நன்மை ஏது? அதனால் தலைப்பில் ‘நன்மை விகுதி’ என்று போடுவதற்கு முன் காரூக்கில் அது தீமைக்கும் வருகிறதா என்று ஒரு தடவை பாருங்க.