ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு தாங்கி: நாங்களே செய்து பார்த்த அனுபவங்கள்

கீழே ஒவ்வொரு பகுதியும் வேறொருவர் எழுதியது.

சைக்கிள் கம்ப்யூட்டரோடு (வேகத்தைக் காட்டும் சிறு கருவி) வந்த தாங்கியை முதலில் ஸ்டெம்மின் மேல்தான், அதாவது ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் தண்டின் மேல்தான், கட்டியிருந்தேன். வேகத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் தலையைக் குனிய வேண்டும். அந்த நொடியில் சாலை கண்ணைவிட்டுப் போய்விடும். ஒருநாள் அப்படிக் குனிந்த நேரத்தில் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. விழவில்லை. அன்று மாலையே ரம்பத்தை எடுத்துவிட்டேன்.

கையில் இருந்தது ஒரு பிவிசி குழாய்த் துண்டு, சுவர் கனம் 3 மி.மீ. நீளவாக்கில் அறுத்துக் கொதிநீரில் சற்று நேரம் போட்டால் தோல்போல் வளைந்து கொடுக்கிறது. தீயில் நேரடியாகக் காட்டவே கூடாது. பிவிசி கருகினால் வரும் புகை நஞ்சு. விரித்த பட்டையை 3 செ.மீ. அகலத்துக்கு நறுக்கி, மறுபடி சூடாக்கி, ஹேண்டில்பாரில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றி அதன்மேல் கையுறையோடு வளைத்துப் பிடித்தேன். என் வண்டியில் நடுப்பகுதியின் விட்டம் 31.8 மி.மீ.; பல பழைய வண்டிகளில் 25.4. பட்டையின் இரு முனைகளும் முன்பக்கம் நாக்குபோல் நீண்டன. அவற்றைச் சேர்த்து இரண்டு போல்ட் போட்டு, நுனியில் குறுக்காக ஒரு சிறு குழாயைப் பொருத்தினேன். அதுதான் பொய் ஹேண்டில்பார். கம்ப்யூட்டரின் தாங்கி அதன் ரப்பர் வளையங்களாலேயே அதில் உட்கார்ந்துகொண்டது.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாக்கை 10 செ.மீ. நீட்டிவிட்டேன். கரடுமுரடான பாதையில் எண்கள் மங்கலாக ஆடின. மூன்றாம் வாரம் நாக்கு முறிந்து, கம்ப்யூட்டர் பாதுகாப்புக் கயிற்றில் தொங்கியது. அந்தக் கயிறு மட்டும் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாக்கைக் குறுக்கிய இடத்தில் ரம்பம் விட்டுப்போன கூர்மையான உள்மூலையிலிருந்து விரிசல் கிளம்பியிருந்தது. சுற்றிலும் பிளாஸ்டிக் வெளுத்துப்போய் இருந்தது. கருவியின் எடை 100 கிராம்கூட இல்லை. ஓயாத அதிர்வு அந்த மூலையைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது தாங்கியில் நாக்கு 5 செ.மீ.தான். உள்மூலைகளை வட்ட அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் வழவழப்பாக்கினேன். இன்றுவரை அசையவில்லை.

* * *

மேலே சொன்ன பிளாஸ்டிக் வெளுப்பை நானும் பார்த்திருக்கிறேன். விரிசலுக்கு முன்பே அது தெரியும், கண்டதும் கழற்றிவிடுங்கள்.

நான் தாங்கியை முப்பரிமாண அச்சில் செய்தேன். முதலில் பிஎல்ஏ என்ற அச்சுப் பிளாஸ்டிக். வெயிலில் நிறுத்திய காருக்குள் வண்டியை வைத்திருந்தேன், திரும்பி வந்தபோது தாங்கி மூக்கைத் தொங்கப்போட்டிருந்தது. பிஎல்ஏ ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். அடுத்து பிஇடிஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக்கில் அச்சிட்டேன், அது சூட்டைத் தாங்கியது. ஆனால் கருவியைக் கால் சுற்றுத் திருப்பியதும் பூட்டிக்கொள்ளும் சிறு பற்கள் அடுக்கோடு அடுக்காகப் பிய்ந்துவிட்டன. மாதிரியைப் பக்கவாட்டில் சாய்த்து, அடுக்குகள் பல்லின் குறுக்கே ஓடாதபடி அச்சிட்ட பிறகுதான் நிலைத்தது. இந்த ஒரு விஷயத்துக்காக நான்கு தாங்கிகளை வீணாக்கினேன்.

* * *

கார்பன் இழையால் ஆன ஹேண்டில்பார் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். உலோகப் பட்டையை வளைத்து இறுக்காதீர்கள். ஓர் ஓரம் அழுந்தினாலும் இழைகள் நசுங்கும், வெளியே தெரியாது. நான் ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் டைகளால் மட்டும் கட்டியிருக்கிறேன். கையால் திருப்பினால் மெல்ல நகரும், ஓட்டத்தில் நகராது. அந்த அளவு இறுக்கம் போதும்.

கம்பி வைத்த பழைய கருவி என்றால் இன்னொன்று: தாங்கியை முன்னே தள்ளும்போது ஃபோர்க்கிலிருந்து (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) வரும் கம்பி நீளம் போதுமா என்று ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. முதல் வளைவிலேயே கம்பி அறுந்துபோனது.