ஜிகோகுதானிக் குரங்குகள்: பார்லி போடாவிட்டால் வருமா?

கானகன்:
"காட்டுக் குரங்கைக் கிட்டத்தில் பார்க்க ஜப்பானின் ஜிகோகுதானிக் குரங்குப் பூங்காவை விட்டால் வேறு இடமே இல்லை" என்று இங்கே ஒருவர் தம் பதிவில் அடித்துச் சொல்லியிருக்கிறார். எரிச்சலாக இருக்கிறது. அங்கே ஊழியர்கள் பார்லி தூவித்தான் குரங்குகளை மலையிலிருந்து வரவழைக்கிறார்கள். தீனிக்கு வந்ததைப் பார்த்துவிட்டுக் காட்டைப் பார்த்தேன் என்பதா?

தேன்மொழி:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதலாம். 1964-இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் குரங்குகளை அடைக்கும் வேலியும் இல்லை, கூண்டும் இல்லை. மாலையானால் தாமாகவே காட்டுக்குத் திரும்பிவிடுகின்றன. முகம் சிவந்து, உச்சிமயிரில் பனி ஒட்டியிருக்க, குட்டியை அணைத்தபடி கண்மூடி வெந்நீர் ஊற்றுக் குளத்தில் உட்கார்ந்திருக்கும் தாயைப் பார்த்தவர் இப்படிப் பேசமாட்டார்.

கானகன்:
எல்லாம் சரி. பார்லி போடுகிறார்களா, இல்லையா?

தேன்மொழி:
பார்லிக்காகவா வெந்நீரில் இறங்குகின்றன? குளிருக்காக இறங்குகின்றன. கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். குளிர்காலத்தில் வெந்நீரில் இறங்கியபோது பெண் குரங்குகளின் மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது.

கானகன்:
குளிப்பது குளிருக்காக, வருவது பார்லிக்காக. கோடையில் அவை குளிப்பதே அரிது. ஆனாலும் பூங்காவுக்கு வருகின்றனவே, எதற்கு? எத்தியோப்பியாவின் சிமியன் மலைக்குப் போய்ப் பாருங்கள். அங்குள்ள கெலடா என்னும் குரங்குகள் புல் தின்று வாழ்பவை. இரவில் செங்குத்துப் பாறைகளில் தூங்கி, காலையில் மேலேறி வரும். புல்வெளி ஓரத்தில் அசையாமல் உட்கார்ந்தால் கூட்டம் நம்மைச் சுற்றியே மேயும். விரலால் புல்லைக் கிள்ளும் சத்தம்கூடக் கேட்கும். ஒரு மணி தானியம் யாரும் போடுவதில்லை.

நெடுவழி:
துப்பாக்கி ஏந்திய காவலர் கூடவே வருவார் என்பதையும் சொல்லுங்கள்.

கானகன்:
காவலர் பார்லி போடுவதில்லை.

பவானி:
போர்னியோவை விட்டுவிட்டீர்களே! அங்கே மலேசியாவின் சபா மாநிலத்தில் ஓடும் கினபடாங்கன் ஆற்றில் சாயங்காலம் படகில் போனால், நீள்மூக்குக் குரங்குகள் கரையோர மரங்களுக்குத் தூங்க வருவதைப் பார்க்கலாம்.

தேன்மொழி:
அதே சபாவில், லாபுக் விரிகுடாவில், மேடை கட்டித் தீனி வைக்கிறார்கள். அந்த இடத்தைக் கானகன் வாயாரப் புகழ்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கானகன்:
தீனி வைக்கிறார்கள் என்று முதல் வரியிலேயே எழுதினேன். நீங்கள் பார்லியைப் பற்றி ஒரு வார்த்தையாவது எழுதினீர்களா?

நெடுவழி:
குரங்கை உற்றுப் பார்க்கக் கூடாது, பல் தெரியச் சிரிக்கக் கூடாது, தின்பண்டத்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது. பயணிக்கு முதலில் தெரிய வேண்டியது இது. இருவரும் எழுதவில்லை. ஜிப்ரால்டரில் குரங்குக்குத் தீனி கொடுத்தால் அபராதமே உண்டு.

தேன்மொழி:
பாடம் நடத்த வேண்டாம், நெடுவழி. மனிதக் குரங்கான சிம்பன்சியைச் சாதாரணக் குரங்குப் பட்டியலில் சேர்த்தவர்தானே நீங்கள்?

நெடுவழி:
அந்தப் பட்டியல் பவானி போட்டது.

பவானி:
என்னை ஏன் இழுக்கிறீர்கள்? நான் ஆற்றைப் பற்றித்தான் எழுதினேன்.

தேன்மொழி:
கானகன் அவர்களே, தீனி தொடங்கிய காரணம் தெரியுமா? குரங்குகள் விவசாயிகளின் தோட்டங்களில் புகுந்தன. அவற்றைக் கொல்லாமல் காப்பாற்றத்தான் மலைப்பக்கம் தீனி வைத்து இழுத்தார்கள்.

கானகன்:
ஆக, போடுகிறார்கள். இத்தனை நேரம் நான் கேட்டது அதைத்தான்.

தேன்மொழி:
வெந்நீரில் இறங்குவது பார்லிக்காக இல்லை. நூறு தடவை கேட்டாலும் இதுதான் என் பதில்.

கானகன்:
இறங்குவதை யார் கேட்டார்கள்? வருவதைக் கேட்டேன்.