குத்துச்சண்டைக்காரர் முகமது அலியைப் பார்த்துக் கையைத் தொங்கப் போடுகிறான், பையனுக்கு யாருடைய சண்டையைக் காட்டலாம்?

களியக்காவிளை மாமன்:
வணக்கம். எங்கள் வீடு களியக்காவிளையில் இருந்து உள்ளே தள்ளி, ரப்பர் தோட்டத்து ஓரம். அக்கா மகனுக்கு 15 வயது. ஒல்லி, நல்ல உயரம். ஐந்தடி பத்து அங்குலம், 58 கிலோ. ஒரு வருடமாகச் சனி, ஞாயிறு விடிகாலை பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் போய்க் குத்துச்சண்டை பழகுகிறான். அத்தான் வளைகுடாவில் இருப்பதால் கூட்டிக்கொண்டு போவது நான்தான்.

போன ஞாயிறு ஸ்பாரிங்கில், அதாவது பழகுவதற்காகப் போடும் சண்டையில், இவனைவிட அரை அடி குள்ளமான பையன் இடது ஹூக்கை, அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்தை, மூன்று தடவை இறக்கினான். மூன்றும் தாடையில். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், இவன் கை இரண்டும் இடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தன. கேட்டால், "அலி அப்படித்தானே மாமா நிப்பாரு" என்கிறான். ராத்திரி படுக்கும்வரை போனில் அலி வீடியோதான். கோச் மலையாளத்தில் "கை பொக்கெடா" (கையைத் தூக்குடா) என்று தொண்டை வற்றக் கத்துகிறார், ஏறவில்லை.

அலியைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் ஆட்ட நுணுக்கம் என்று எடுத்தால் அலி ஆடிய ஹெவிவெயிட்டில், அதாவது அதிக எடைக்காரர் பிரிவில், யார் முதல்? யாருடைய சண்டையைக் காட்டினால் பையனுக்குப் படியும்?

தக்கலை:
டைசன். 1986-இல் 20 வயதில் ஹெவிவெயிட் உலகப் பட்டம் வாங்கியவர். இரண்டு கையும் கன்னத்தை விட்டு நகராது, தலை ஒரு இடத்தில் நிற்காது. அதைக் காட்டுங்கள், கை தானாக மேலே வரும்.

குழித்துறை பட்டாளத்துக்காரன்:
தம்பி, நான் பட்டாளத்தில் யூனிட்டுக்காக வெல்டர்வெயிட் எடைப் பிரிவில் குத்துச்சண்டைக்கு இறங்கியவன். அதற்கு முன்னால் ஊரில் ஆசானிடம் அடிமுறை என்ற நம்ம ஊர்த் தற்காப்புக் கலை. ஆசான் முதல் ஆறு மாதம் கையைத் தூக்கவே விடவில்லை, சுவடு, அதாவது கால் வைக்கும் முறை மட்டும்தான். முற்றத்து மண்ணில் குச்சியால் கோடு கீறுவார், அதன்மேல்தான் நகர வேண்டும். கால் பின்னினால் முழங்காலுக்குப் பின்னால் கம்பு விழும். இன்றைக்கும் யார் சண்டையைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகும்.

அப்படிப் பார்த்தால் என் பதில் ஜோ லூயிஸ். 1937 முதல் 1949 வரை பட்டம் அவரிடம், 25 தடவை காத்துக்கொண்டார். அந்தக் கணக்குக்காகச் சொல்லவில்லை. அவர் காலைப் பாருங்கள்: முன்கால் ஒரு சாண் நகரும், பின்கால் அதே ஒரு சாண் இழுத்துக்கொண்டு வரும். பின்னாது, குதிக்காது. அதனால் எந்த நொடியிலும் அடிக்கத் தயாராக நிற்பார். அடியும் நெடுந்தூரத்தில் இருந்து வராது, அரை அடி போனால் போதும், எதிராளி கீழே.

பையனுக்கு லூயிஸ் ஏன் என்றால், இதே வியாதி அவருக்கும் இருந்தது. 1936 ஜூனில் நியூயார்க்கில் மாக்ஸ் ஷ்மெலிங்கோடு சண்டை. லூயிஸ் இடது ஜாப், அதாவது முன்கையால் நேராகப் போடும் குத்து, போட்டுவிட்டுக் கையைத் திருப்பும்போது அது தாழ்ந்து வரும். ஷ்மெலிங் அதை முன்னமே கண்டுவைத்திருந்தார். அந்தத் தாழ்ந்த கைக்கு மேலாக வலதை அனுப்பினார். நாலாம் ரவுண்டில் லூயிஸ் விழுந்தார், பன்னிரண்டில் முடிந்தது. இரண்டு வருடம் கழித்து அதே ஊர், அதே ஆள், லூயிஸ் 124 விநாடியில் முடித்தார். அந்த வலது கையை வீச ஷ்மெலிங்குக்கு இடமே கிடைக்கவில்லை. இரண்டையும் சத்தத்தை நிறுத்திவிட்டு அடுத்தடுத்துக் காட்டுங்கள், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அலி கையைத் தொங்கப் போட்டது அவருடைய கார்டு, அதாவது தற்காப்பு, கையில் இல்லை, தூரத்தில் இருந்தது என்பதால். 1966-இல் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றாம் ரவுண்டில் முடித்த சண்டையைப் பாருங்கள். குத்து வரும்போது தலையைப் பின்னால் சாய்ப்பார், விரற்கடை தூரத்தில் தப்பும். அந்தக் காலும் கண்ணும் இருந்தால்தான் அது ஆகும். அவருக்கே இடது ஹூக் நுழைந்தது அந்த வழியில்தான்: 1963-இல் ஹென்றி கூப்பர், 1971-இல் பதினைந்தாம் ரவுண்டில் ஃபிரேசியர். இரண்டு தடவையும் எழுந்து நின்றார், அது வேறு விஷயம்.

எனக்கும் இது நடந்தது. யூனிட் போட்டியில் இரண்டாம் ரவுண்டு, முன்னால் இருக்கிறேன் என்ற தைரியத்தில் இடதைத் தாழ்த்தினேன். அப்புறம் எட்டு நாள் மெஸ்ஸில் கஞ்சிதான், சோற்றை மெல்ல முடியவில்லை.

லூயிஸ் அலியைவிடப் பெரியவர் என்று நான் சொல்லவில்லை. 1966 அலியை லூயிஸ் தொட்டிருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் அலியிடம் இருந்து எடுத்துக்கொள்ள ஒரு பையனுக்கு ஒன்றும் மிஞ்சாது, லூயிஸிடம் எல்லாமே எடுத்துக்கொள்ளலாம்.

தக்கலைத் தம்பிக்கு: டைசன் முறை குட்டைக் கைக்காரன் உள்ளே நுழைவதற்கு. இந்தப் பையன் நெடியவன், அவன் ஆளை வெளியே நிறுத்த வேண்டும். அந்தத் தலையாட்டமும் தினசரிப் பயிற்சியால்தான் நிலைத்தது. 1988-இல் பயிற்சியாளர் கெவின் ரூனியை விட்டபின் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. 1990-இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸின் ஜாப் நேரே முகத்துக்கு வந்ததைப் பாருங்கள்.

வேலந்தாவளம்:
அண்ணன் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. லூயிஸ் கால் சுத்தம், ஆனால் மெதுவு. 1941-இல் பில்லி கான், 10 கிலோவுக்கு மேல் எடை குறைந்தவர், அவரைச் சுற்றிச் சுற்றி அடித்தார். 12 ரவுண்டு முடிந்தபோது கான்தான் முன்னால். பதின்மூன்றில் நாக்அவுட்டுக்கு ஆசைப்பட்டு உள்ளே போய் விழுந்தார். நெடிய பையனுக்கு லாரி ஹோம்ஸின் ஜாப்தான் பாடம். அதே கையால் ஆளைத் தள்ளி வைப்பார், கண்ணை மறைப்பார், வலதுக்கு வழி திறப்பார். 1978-இல் கென் நார்ட்டனோடு அவர் ஆடிய 15 ரவுண்டைக் காட்டுங்கள்.

இப்போதைய ஆள் வேண்டுமானால் உசிக், இடது கைக்காரர். 2024 மே மாதம் ரியாத்தில், ஆறடி ஒன்பது அங்குல ஃபியூரியின் முன்காலுக்கு வெளியே தன் முன்காலை வைக்கத் திரும்பத் திரும்பப் போராடினார். பையன் இடது கைக்காரனா?

குழித்துறை பட்டாளத்துக்காரன்:
கான் விஷயம் சரிதான் தம்பி, மறுக்கவில்லை. இடது கைக்காரன் என்றால் உசிக்கையே காட்டுங்கள். கூடவே ஒன்று: இரண்டு ரப்பர் மரத்துக்கு நடுவே, அவன் தோளுக்குச் சற்றே கீழே குறுக்காகக் கயிறு கட்டுங்கள். ஒரு முழம் தள்ளி நின்று ஜாப் போடட்டும். கை கயிற்றுக்கு மேலே போய் மேலேயே திரும்ப வேண்டும். தாழ்ந்தால் கயிறு தட்டும்.

களியக்காவிளை மாமன்:
எல்லோருக்கும் நன்றி. வலது கைக்காரன்தான். நேற்று சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து 1936 சண்டையைப் பார்த்தோம். நான் வாயைத் திறக்கவில்லை. நாலாம் ரவுண்டில் அவனே நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடியும் பார்த்தான். "மாமா, அடிச்சிட்டுக் கையைக் கீழ கொண்டு வாராரு" என்றான். அப்புறம் 1938. அது முடிந்தும் போனைக் கீழே வைக்கவில்லை.

இன்று காலையில் பால் வெட்டு முடிந்ததும் ஷீட் அடிக்கிற புரைக்குப் பின்னால் கயிறு கட்டிக் கொடுத்தேன். முதல் ஐம்பதில் பதினேழு தடவை கயிறு ஆடியது. கடைசி ஐம்பதில் ஆறு. அடுத்தது ஹோம்ஸ், நார்ட்டன். 15 ரவுண்டும் முழுதாக எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.