மாங்கொழுந்தின் சிவப்பும் பீற்றூட்டின் சிவப்பும் ஒன்றா?

நீர்வேலித் தோட்டக்காரன்:
வீட்டுக் கறுத்தக்கொழும்பான் மாமரம் புதுக்கொழுந்து விட்டிருக்கிறது. எல்லாம் செம்பு நிறம், துணி மாதிரித் தொங்குகிறது. மருந்துக் கடையில் நோய் என்று சொல்லி ஒரு போத்தல் தந்துவிட்டார்கள். இன்னும் அடிக்கவில்லை. மகளோ, “பீற்றூட்டில் இருக்கிற சிவப்புத்தானே அப்பா?” என்று கேட்கிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

கோப்பாய் ரீச்சர்:
தம்பி, இலையில் புள்ளியோ சுருளலோ இல்லையென்றால் மருந்தே வேண்டாம். மாங்கொழுந்து அப்படித்தான் வரும்.

முற்றிய இலையில் பச்சையம் நிறைந்திருக்கும். அது சிவப்பு, நீல ஒளியை நன்றாக உறிஞ்சும், பச்சையை அவ்வளவு எடுக்காது. அதனால்தான் இலை பச்சை. கொழுந்தில் பச்சையம் இன்னும் கொஞ்சம்தான், அந்தோசயனின் என்ற சிவப்புப் பொருள்தான் கூட. யாழ்ப்பாணத்து வெயிலை அந்த மெல்லிய இலை தாங்க வேண்டுமே! மிஞ்சிய ஒளியில் ஒரு பங்கை அந்தோசயனின் வாங்கிக்கொள்கிறது. இலை தடிக்கத் தடிக்கப் பச்சையம் கூடி, சிவப்பு மறைந்துவிடும்.

பிள்ளையின் கேள்வி அருமையான கேள்வி. இரண்டும் ஒன்றல்ல. பீற்றூட்டில் இருப்பது பீற்றலைன், அதில் நைதரசன் உண்டு. சிவப்புக்கீரை, நாகதாளிப் பழம், கடதாசிப்பூ எல்லாம் அந்தக் கூட்டம். (கடதாசிப்பூவில் நிறமாக இருப்பது பூவைச் சுற்றிய இலைகள். பூ நடுவிலே சின்னதாக வெள்ளையாக இருக்கும்.) பீற்றலைன் உள்ள செடியில் அந்தோசயனின் இருப்பதில்லை. ஏன் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னும் ஒரே முடிவு இல்லை.

பிள்ளையையே பார்க்கச் சொல்லுங்கோ. செவ்வரத்தம்பூ இதழைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஒரு கிளாசில் தேசிக்காய்ப் புளி, மற்றதில் அப்பச்சோடா போடட்டும். புளி விட்டது பளிச்சென்று சிவக்கும், சோடா போட்டது பச்சைப் பக்கம் போகும். செவ்வரத்தையில் இருப்பதும் அந்தோசயனின்தான், புளிப்புக்கு ஏற்ப அது நிறம் மாறும். பீற்றூட் தண்ணீருக்குத் தேசிக்காய் விட்டால் அப்படி மாறாது.

பருத்தித்துறைப் பெண்:
ரீச்சர், அப்போ சிவப்புக்கீரையில் பச்சையமே இல்லையா? அது எப்படி உயிர் வாழுது?

கோப்பாய் ரீச்சர்:
இருக்கிறது பிள்ளை, சிவப்புக்குள் ஒளிந்திருக்கிறது. பீற்றலைன் தண்ணீரில் கரையும், பச்சையம் கரையாது. கீரையை அவித்துப் பாருங்கோ, தண்ணீர் சிவக்க இலை பச்சையாகத் தெரியத் தொடங்கும். தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதேயுங்கோ, பருப்போடு விட்டுக் காய்ச்சலாம்.