சாணா, முழமா: பதினெட்டாம் குழியில் எடுக்கப்பட்ட பந்து

விதிநூல்:
பச்சைத்தரையான் அவர்கள் நேற்று எழுதிய 'என் கோடைக் கணக்கு' என்ற கோல்ஃப் பதிவைப் படித்தேன். பதினான்கு ஆட்டங்கள், மூன்று குடும்பப் பயணங்கள், தொலைந்த பந்துகள் முப்பத்தொன்று என்று எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளையைப் போல வரிசையாக எழுதியிருக்கிறார். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கடைசி ஆட்டத்தில் பதினெட்டுக் குழிகளையும் 89 ஸ்ட்ரோக்கில் (அடிப்பில்) முடித்து, வாழ்நாளில் முதன்முறையாகத் தொண்ணூறை உடைத்துவிட்டதாகப் பெருமைப்பட்டுவிட்டு, யாரும் கவனிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், 'பதினெட்டாம் குழியில் எஞ்சியிருந்த ஒரு சாண் தூரத்தை மைத்துனர் கிம்மியாக (ஆடாமலே விழுந்ததாக வைத்துக்கொள்ளும்படி) விட்டுக்கொடுத்தார்' என்று கீழே ஒரு வரியைச் செருகியிருக்கிறாரே, அதுதான் என்னை இங்கே எழுத வைத்தது. மொத்த அடிப்புகளை எண்ணும் ஸ்ட்ரோக் பிளேயில் ஒவ்வொரு குழியிலும் பந்தைக் குழிக்குள் விழச் செய்தாக வேண்டும் என்று விதி 3.3-இன் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது; கடைசிக் குழியில் அதைச் செய்யாமல் ஸ்கோர் அட்டையைக் கொடுத்தால் தகுதிநீக்கம். அந்தப் பந்து குழியில் விழவில்லை. ஆகவே அவர் எடுத்தது 89 அன்று. 88-உம் ஒரு கேள்விக்குறியும்.

பச்சைத்தரையான்:
என் பதிவை இவ்வளவு நுணுக்கமாகப் படித்ததற்கு நன்றி. மலைப் பயணத்தைப் பற்றி எழுதிய நான்கு பத்திகளையும் இதே ஆர்வத்தோடு படித்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். நான் எதையும் மறைக்கவில்லை. 88 ஸ்ட்ரோக் ஆடியிருந்தேன். விட்டுக்கொடுத்ததற்கு ஒன்றைச் சேர்த்து 89 என்று எழுதினேன். கிரீனில், அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையில், குழியிலிருந்து 5 அடிக்குள் கிடக்கும் பந்தை எடுத்துவிட்டால் இன்னும் ஒரு ஸ்ட்ரோக்கைச் சேர்த்துக்கொள்ளும்படி, ஆடுகிறவரின் திறனை எண்ணாகக் கணிக்கும் ஹேண்டிகேப் விதிகளே வழி சொல்கின்றன. ஒரு சாண் என்பது ஐந்தடிக்குள் வராதா?

அன்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மேட்டிலிருந்து இறங்கிய என் பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் தாண்டிப் போய் நின்றது. கொடிக்கம்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் பத்து வயது மகள் நின்றிருந்தாள். மழைத்துளி விழத் தொடங்கியிருந்தது. மலைக்குப் போவதற்காகப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தியிருந்த காரிலிருந்து என் மனைவி மூன்றாவது முறையாக ஹாரன் அடித்தார். 'போதும் அத்தான், எடுங்கள்' என்று மைத்துனர் சொன்னார். எடுத்தேன். இதில் என்ன குற்றம்?

விதிநூல்:
ஹேண்டிகேப் விதியைச் சொன்னவர் அதன் நிபந்தனையை விழுங்கிவிட்டார். ஸ்கோரில் ஆதாயம் தேடிப் பந்தை எடுக்கக்கூடாது என்பதும் அங்கேயே இருக்கிறது. வாழ்நாளின் முதல் 89-ஐ அட்டையில் எழுதிப் படம் பிடித்துப் போடுவது ஆதாயம் இல்லையென்றால் வேறு எதுதான் ஆதாயம்?

இனி, சாண் என்கிறாரே, அதைப் பார்ப்போம். அவரே வெளியிட்ட படத்தில் பந்தும் குழியும் தெளிவாகத் தெரிகின்றன. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். உலகெங்கும் ஒரே அளவுதான். படத்தில் பந்துக்கும் குழிக்கும் நடுவே அதே போன்ற நான்கு குழிகளை வரிசையாக வைக்கலாம். நான்கு முறை 108 என்றால் 432. ஒரு சாண் ஏறத்தாழ 230 மில்லிமீட்டர். ஒரு முழம் அதைப்போல் இரண்டு மடங்கு. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே சாணே முழமாகச் சறுக்கியிருக்கிறது. எதுவானாலும் அந்தப் பந்து குழியில் விழவில்லை.

மைத்துனன்:
விட்டுக்கொடுத்தவன் நான்தான், ஆகவே நானும் பேசலாம் என்று நினைக்கிறேன். அது சாண்தான், என் கையை விரித்துப் பார்த்தேன், என் கை பெரியது என்பது வேறு விஷயம். அத்தானுடைய கோடை முழுவதையும் கூட இருந்து பார்த்தவன் நான். கடற்கரைப் பயணத்தன்று விடியற்காலையில், மற்றவர்கள் எழுவதற்குள் ஒன்பது குழிகளை ஆடிவிட்டுக் காலை உணவுக்குத் திரும்பி வந்தவர் அவர். இரண்டாவது பயணத்தில் அக்காவுக்குக் கொடுத்த வாக்குக்காகக் கோல்ஃப் பையையே தொடாமல் ஐந்து நாள் இருந்தவரும் அவரே. அப்படிப்பட்டவருக்கு ஒரு கிம்மி கொடுத்தால் குடிமுழுகிவிடுமா? 1969-இல் அமெரிக்க, பிரிட்டன் அணிகள் மோதிய ரைடர் கோப்பையின் கடைசி ஆட்டத்தில், கடைசிக் குழியில், டோனி ஜாக்லினுடைய குட்டைப் பட்டிங்கை (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடிப்பை) ஜாக் நிக்லஸ் விட்டுக்கொடுத்தார். போட்டியே 16-க்கு 16 என்று சமனில் முடிந்தது. அதை இன்றுவரை விளையாட்டுப் பண்பு என்று உலகம் கொண்டாடுகிறது. நிக்லஸ் செய்தால் பண்பு, நான் செய்தால் பித்தலாட்டமா?

விதிநூல்:
நிக்லஸ் விட்டுக்கொடுத்தது, குழிக்குக் குழி வெற்றியை எண்ணும் மேட்ச் பிளேயில். அங்கே எதிராளியின் அடுத்த ஸ்ட்ரோக்கை விட்டுக்கொடுக்க விதி 3.2 அனுமதிக்கிறது. நீங்கள் இருவரும் ஆடியது ஸ்ட்ரோக் பிளே. நீங்கள் அவருக்கு எதிராளியும் அல்லர். அவருடைய மனைவியின் தம்பி. மாமியார் வீட்டு மரியாதைக்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை.

ஏழாம்எண்இரும்பு:
விதிநூல் சொல்வதற்கு நான் வலு சேர்க்கிறேன். 1970-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓப்பன் என்ற பெரும்போட்டியின் பட்டத்துக்கு டக் சாண்டர்ஸுக்குத் தேவைப்பட்டதெல்லாம் கடைசிக் குழியில் ஒரு குட்டைப் பட்டிங். தவறவிட்டார், சமனை உடைக்க மறுநாள் நடந்த பிளே-ஆஃபில் நிக்லஸிடம் ஒரே ஸ்ட்ரோக்கில் தோற்றார். 2012-இல் கிராஃப்ட் நபிஸ்கோ போட்டியில் தென்கொரியாவின் கிம் இன்-கியுங் கடைசிக் குழியில் தவறவிட்டது ஏறத்தாழ ஓர் அடி தூரம். அதாவது உங்கள் சாணுக்கும் முழத்துக்கும் நடுவில். அவரும் பிளே-ஆஃபில்தான் பட்டத்தை இழந்தார். உலகத்தரத்தில் ஆடுகிறவர்களுக்கே விழாத பந்து, ஹாரன் சத்தத்துக்கு நடுவில் நம் நண்பருக்கு விழுந்தே இருக்கும் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?

பச்சைத்தரையான்:
சாண்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கோப்பை காத்திருந்தது. எனக்குப் பின்னால் ஒரு கார். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நகைப்புக்குரியது. அது சாண்தான் என்பதையும் மறுபடியும் சொல்கிறேன். படம் சாய்வாக எடுக்கப்பட்டது.

ஓரப்பார்வை:
எனக்குக் கோல்ஃப் தெரியாது. கோல்ஃப் ஆடுகிறவரோடு வாழத் தெரியும். இந்தச் சாண், முழம் எல்லாம் கிடக்கட்டும். 'மூன்று குடும்பப் பயணங்கள்' என்று பதிவில் இருக்கிறதே, அவற்றில் இரண்டில் பை காரில் ஏறியிருக்கிறது. பதினெட்டுக் குழிகளை நடந்து முடிக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று நீங்களே எழுதுகிறீர்கள். பதினான்கு ஆட்டம் என்றால் ஐம்பத்தாறு மணி நேரம். காலணியைத் துடைப்பதும், வந்து படுத்துக்கொண்டு ஒவ்வொரு குழியையும் வருணிப்பதும் இதில் சேரவில்லை. அந்த அம்மையார் மூன்று முறை மட்டுமே ஹாரன் அடித்தார் என்பதில்தான் எனக்கு வியப்பு.

விதிநூல்:
அம்மையீர், உங்கள் வருத்தம் நியாயமானதாகவே இருக்கலாம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேசப்படுவது பதினெட்டாம் குழி. அந்தப் பந்து குழியில் விழவில்லை.

ஓரப்பார்வை:
தனி இழை தொடங்கச் சொல்ல நீங்கள் யார்? பயணம் தாமதமானதே அந்தப் பதினெட்டாம் குழியால்தானே!

சொல்லாய்வன்:
இடையில் ஒன்று. 'தொண்ணூறை உடைத்தேன்' என்பது என்ன தமிழ்? தேங்காயை உடைக்கலாம், விறகை உடைக்கலாம், எண்ணை எப்படி உடைப்பது? குழிப்பந்தாட்டம் என்று அழகான சொல் இருக்கும்போது கோல்ஃப், கிம்மி, பட்டிங் என்று எழுதிக்கொண்டிருப்பதையும் கவனிக்கிறேன்.

ஏழாம்எண்இரும்பு:
குழிப்பந்தாட்டம் என்றால் பந்து குழியில் விழ வேண்டும் என்று பெயரிலேயே இருக்கிறது. இது விதிநூலின் கட்சிக்குத்தான் உதவும், ஐயா.

பழையகேடி:
நான் இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். விதிநூல் அவர்களுக்கு இந்த 89 மேல் ஏன் இத்தனை கோபம் என்பது புதியவர்களுக்குத் தெரியாது; தெரிந்துகொள்ள வேண்டும். சென்ற கோடையில் இவர்கள் இருவரும் மேட்ச் பிளே ஆடினார்கள். ஐந்தாவது குழியின் டீயில் (முதல் அடிப்புக்கான இடத்தில்) விதிநூல் தம் பையிலிருந்து கையுறையை இழுத்தபோது, கூடவே ஒரு குட்டிப் பட்டரும் (பட்டிங் ஆடும் மட்டையும்) வெளியே வந்து விழுந்தது. முந்தின நாள் குடும்பத்தோடு ஏரிக்கரைக்குப் போயிருந்தபோது அவருடைய மகன் போட்டு வைத்தது. பிடியில் மஞ்சள் நாடா சுற்றியிருந்தது, முழங்கால் உயரம்கூட இராது. பச்சைத்தரையான் உடனே எண்ணினார். பதினைந்து. பையில் பதினான்கு கிளப்புக்கு (மட்டைக்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதிப்படி இரண்டு குழிகள் கழிக்கப்பட்டன. ஆட்டம் ஒரு குழி வித்தியாசத்தில் கைமாறியது. அன்று 'அது பொம்மை ஐயா, கொஞ்சம் மனிதத்தன்மையோடு பாருங்கள்' என்று மன்றாடியவர் விதிநூல். 'விதி என்றால் விதி' என்று நின்றவர் பச்சைத்தரையான். இன்று இருவரும் இடம் மாறி நின்றுகொண்டு நமக்குப் பாடம் நடத்துகிறார்கள்.

விதிநூல்:
பழைய கதையைக் கிளறுவதன் நோக்கம் எனக்குப் புரிகிறது. அது பொம்மைதான் என்று இப்போதும் சொல்கிறேன். அதைக் கொண்டு நான் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. ஆனாலும் அன்று நான் இரண்டு குழிகளையும் கொடுத்தேன், கையெழுத்தும் இட்டேன், அதன் பிறகு விதிப்புத்தகத்தை வாங்கி அட்டை முதல் அட்டை வரை படித்தேன். யார் என்னைப் படிக்க வைத்தாரோ அவரிடமே அதைத் திருப்பிச் சொல்வதில் தவறில்லை. எனக்கு மகனுடைய பட்டரில் சலுகை கிடையாது என்றால் அவருக்கு மனைவியுடைய ஹாரனில் சலுகை எப்படி வரும்? 1983-இல் ராயல் பர்க்டேல் ஓப்பனின் மூன்றாம் சுற்றில், குழியின் ஓரத்திலேயே கிடந்த பந்தை அலட்சியமாகத் தட்டப் போன ஹேல் இர்வினின் பட்டர் பந்தைத் தொடவேயில்லை. அதையும் ஒரு ஸ்ட்ரோக்காக அவர் எண்ணிக்கொண்டார். கடைசியில் டாம் வாட்சனிடம் பட்டத்தை இழந்தது அதே ஒரு ஸ்ட்ரோக்கில். சாணுமில்லை, முழமுமில்லை, இரண்டு விரற்கடை. அவருக்கு யாரும் 'போதும் அத்தான்' என்று சொல்லவில்லை.

பச்சைத்தரையான்:
வந்துவிட்டது பூனை வெளியே. பதினைந்தாவது கிளப்பு பதினைந்தாவது கிளப்புதான். அதை எண்ணியதற்காக நான் இன்றும் வருந்தவில்லை. அன்று பரிசு இருந்தது, ஆட்டக்குழுவே பார்த்துக்கொண்டிருந்தது. இது நானும் மைத்துனரும் மகளும் கழித்த ஒரு காலைப்பொழுது. இரண்டும் வேறு.

விதிநூல்:
அப்படியானால் அந்த அட்டையை ஹேண்டிகேப் கணக்கில் ஏற்றவில்லை என்று சொல்லுங்கள், நான் இந்த இழையைவிட்டே போய்விடுகிறேன்.

பச்சைத்தரையான்:
ஏற்றினேன். அண்மைய இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டுதான் கணக்கில் சேரும். ஓர் அட்டையால் உலகம் புரண்டுவிடாது.

விதிநூல்:
89 அந்த எட்டில் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். பொழுதுபோக்கு என்கிறார், ஆனால் அட்டையை ஏற்றுகிறார். குடும்ப ஆட்டம் என்கிறார், ஆனால் உலகுக்கு அறிவிக்கிறார். அந்தப் பந்து குழியில் விழவில்லை.

மைத்துனன்:
ஐயா, ஒரு யோசனை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே கிரீனில், அதே இடத்தில் பந்தை வைத்து அத்தான் ஒரே ஒரு முறை ஆடட்டும். நீங்களும் வந்து பாருங்கள். விழுந்தால் 89, விழாவிட்டால் உங்கள் கட்சி.

விதிநூல்:
எந்த இடத்தில் வைப்பது? சாணிலா, முழத்திலா?

மைத்துனன்:
சாணில்.

விதிநூல்:
முழத்தில்.

ஓரப்பார்வை:
ஞாயிற்றுக்கிழமையா? அந்த அம்மையாரிடம் யாராவது கேட்டீர்களா?

பச்சைத்தரையான்:
ஞாயிறு மாமனார் வீட்டுக்குப் போகிறோம்; பை வராது என்று ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருக்கிறேன். படம் சாய்வாகத்தான் எடுக்கப்பட்டது. எடுத்தது என் மகள், அவள் உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே தூரமாகத்தான் தெரியும்.

விதிநூல்:
பத்து வயதுப் பிள்ளைமேல் பழியைப் போடும் அளவுக்கு வந்துவிட்டார். அவருடைய மூன்றாவது ஆட்டத்தில் காணாமற்போன பந்தை எத்தனை நிமிடம் தேடினார் என்பதும் பதிவில் இருக்கிறது. 2019 முதல் மூன்று நிமிடம்தான் அனுமதி. நாளை அதற்கு வருகிறேன்.