புதுப்பிப்பு: ரோத்தங் போலாமான்னு கேட்டிருந்தேன்ல, முடிவு பண்ணியாச்சு மக்கா

ஜனவரி கடைசில குடும்பத்தோட மணாலி போறோம், அதுக்கு மேல இருக்குற ரோத்தங் கணவாய் பாக்க முடியுமான்னு போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ரோத்தங் நடக்காது. 3978 மீட்டர் உயரம், நவம்பர் பாதிக்கு மேல பொதுவா ரோட்டையே மூடிருவாங்களாம், நான் என்னமோ நம்ம ஆரல்வாய்மொழி கணவாய் மாதிரி எப்ப வேணா வண்டிய எடுத்துட்டு போலாம்னு நெனச்சிட்டேன் பாத்துக்கோங்க. இங்க காத்து தள்ளும், அங்க பனி ஆளையே மூடிரும்.

இப்போ வானிலை விஷயம். மத்தியதரைக்கடல் பக்கம் உருவாகி ஈரான், பாகிஸ்தான் வழியா வர மேற்கத்திய இடையூறுதான் (western disturbance, மழையும் பனியும் கொண்டு வர்ற காத்தழுத்த அமைப்பு) அங்க குளிர்காலப் பனிக்கு காரணம், நமக்கு வடகிழக்கு பருவமழை மாதிரி அவங்களுக்கு அது. நாங்க போற வாரம் அப்படி ஒண்ணு வருதுன்னு வானிலை முன்னறிவிப்புல போட்டிருக்கான், ஆனா பத்து நாளைக்கு முன்னாடி சொல்றத நம்பி எதையும் கேன்சல் பண்ணாதீங்கன்னு ஒரு அண்ணன் சொன்னது நியாயமா பட்டுது, மூணு நாள் இருக்கும்போது சிம்லா வானிலை மையம் ஆரஞ்சு அலர்ட் போட்டா மட்டும் தேதிய மாத்துவேன்.

ரோத்தங்குக்கு பதிலா அந்த மலைக்கு அடியில போற அடல் சுரங்கம், 9 கிலோமீட்டர், அந்தப் பக்கம் சிஸ்ஸு கிராமம். கனமா பனி விழுந்தா அதுவும் கிடையாது, மணாலி பக்கத்துல இருக்குற சோலாங்லயே வண்டிய நிறுத்திருவாங்க. அம்மா இப்பவே ஸ்வெட்டர் வாங்க நாகர்கோவில் முழுக்க அலையுறாங்க, இந்த வெயில்ல கடக்காரர் ஒரு மாதிரி பாக்காராம்.